நொக்ஸ் கண்ட சிவப்பு மணி

கொட்டியாரத்தில் 1660ஆம் ஆண்டு பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தவர் ரொபேர்ட் நொக்ஸ். தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில் கண்டியரின் நிறுத்தலளவைகளுக்கும் சில வரிகள் உண்டு. 'களந்த' என்ற நிறைக்கும் குறைந்ததை நிறுக்க, காட்டில் விளையும் சிவப்பு மணிகளைத் தட்டார்கள் கையாண்டனர் என்கிறார். 20 மணி ஒரு களந்த, 12 களந்த ஒரு பலம்.

சிவப்பு மணி என்றதும் நம் மனம் குன்றிமணிக்கே ஓடும். கணக்கோ வேறு சொல்கிறது. நமது பழைய வாய்பாட்டில் 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. களந்த என்பது கழஞ்சேயன்றி வேறில்லை. ஆகவே நொக்ஸ் கண்டது சிங்களவர் 'மதடிய' என்னும் மஞ்சாடி. மரத்தில் காய்ப்பது, முழுவதும் சிவப்பு. அதன் பாதி நிறையுள்ள குன்றிமணி கொடியில் காய்ப்பது, கரிய மூக்குடையது. சிங்களத்தில் அது 'ஒலிந்த'. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் பெண்கள் குழிப்பலகையில் ஆடும் 'ஒலிந்த கெலிய' இவ்விதையால் பெயர் பெற்றது. நமது பல்லாங்குழிக்கு அது உடன்பிறப்பு.

வள்ளுவர் குன்றியை இரு இடங்களில் எடுத்தாள்கிறார். 965ஆம் குறளில் அது சிறுமையின் அளவு. 277ஆம் குறளில் போலித் துறவியின் உருவகம்: புறம் சிவப்பு, அகம் மூக்கைப் போல் கறுப்பு. அந்த அகத்தை 1884இல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்போர் ஆராய்ந்து 'அப்ரின்' என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். தோல் கடினமாதலால் முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் கேடின்றி வெளியேறிவிடும். மென்றாலோ துளையிட்டதை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் இவ்விதையை அரைத்து ஊசிபோல் திரட்டிக் காயவைத்து, தோலுக்காகப் பிறர் மாடுகளைக் குத்திக் கொன்றவர்களும் இருந்தனர். அளவைக்கும் ஆட்டத்துக்கும் உதவிய விதைக்கு இப்படியும் ஒரு வரலாறு!

அழகே இதனைக் கடல் கடக்க வைத்தது. செபமாலைகளில் கோக்கப்பட்டதால் தாவரவியலாளர் இதன் பெயரில் பிரார்த்தனையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைச் சேர்த்தனர். திரினிடாட்டில் இது 'ஜம்பி மணி'. கண்ணூறு கழியக் கையில் கட்டுவது. இப்படி மாலையாகவும் தோட்டக் கொடியாகவும் போன குன்றி ஹவாய், பஹாமாஸ் முதலிய தீவுகளில் வேலி தாண்டிக் காடேறிற்று. செந்நிறத்தைப் பழமென மயங்கிப் பறவைகள் விதையைப் பரப்புகின்றன. விதை மண்ணில் நெடுநாள் உறங்கும். கொடியை வெட்டினாலும் தீயிட்டாலும் ஆழ வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அங்கே அதற்குக் களை என்றே பெயர்.

இலங்கையும் தீவுதானே என்று கேட்கலாம். இது இக்கொடிக்குத் தாய்மண். கண்டியிலிருந்து வடக்கே இறங்கினால் உலர்வலயப் பற்றைகளில் மற்றக் கொடிகளோடு ஒன்றாகக் கிடக்கும், யாரையும் நெருக்குவதில்லை. கண்டி மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தகெலே வனத்தை நெருக்குவது வேறொன்று. தென்னமெரிக்காவிலிருந்து மருந்துப் பிசினுக்குப் பேர்பெற்று வந்த பல்சாமர மரம், சிறகுள்ள விதைகளைக் காற்றில் விட்டு, உள்ளூர் மரக்கன்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.