இடையன்குடியில் துயிலும் நெல்லை வரலாற்றாசிரியர்

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றைத் தனி நூலாக முறைப்படுத்தி எழுதிய முன்னோடி ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் 1814இல் பிறந்த இவர், 1838இல் சமயப் பணிக்காகச் சென்னை வந்தார். 1841இல் அச்சீமையிலுள்ள இடையன்குடியில் குடியேறி, அரை நூற்றாண்டுக் காலம் செம்மணல் தேரிக்காட்டு மக்களிடையே பணியாற்றினார்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை 1856இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற கால்டுவெல், 1881இல் திருநெல்வேலி வரலாற்று நூலைத் தந்தார். பழம்பாண்டியர் காலம் தொடங்கி, நாயக்கர் ஆட்சி, பாளையக்காரர் போர்கள் வழியாக, 1801இல் ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றதுவரை அந்நூல் விரிகிறது. தாமிரபரணி முகத்துவாரப் பகுதியிலுள்ள கொற்கை, காயல் ஆகிய பழந்துறைமுகங்களில் அவரே நேரில் அகழ்ந்து ஆராய்ந்தார். ஏட்டுச் சான்றோடு மண்ணின் சான்றையும் சேர்த்துப் பார்த்தது அவரது சிறப்பு.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமான அவரது உடல், அவரே எழுப்பிய இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வூரில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. வட்டார வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அவரது நூலிலிருந்தே தொடங்குகின்றனர்.