கடதாசியில் இல்லாத வாழ்க்கை: 'மினசோட்டா ஃபேட்ஸ்' பற்றிச் சில குறிப்புகள்

பில்லியட்ஸ் என்றதும் நமது நினைவுக்கு வருபவர் எம்.ஜே.எம். லாபிர். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றவர். அவரைப் பற்றி எழுத முனைபவர் புள்ளிப் பதிவுகளையும் அக்காலப் பத்திரிகைகளையும் புரட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஆடப்படும் 'பூல்' இந்த ஆட்டத்தின் நெருங்கிய உறவு. அங்கேயோ இதற்கு நேர்மாறான ஓர் ஆட்டக்காரர் கூட்டம் இருந்தது. ஊர் ஊராகத் திரிந்து, தம் திறமையை மறைத்து ஆடி, பந்தயப் பணத்தில் வாழ்ந்தவர்கள். 'ஹஸ்லர்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். அறிமுகமற்றவனாக இருப்பதே அவர்களது முதலீடு. அத்தகையவனின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது?

சூதாடியின் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் வாசகரும் இருப்பார். பதிவில்லாத மனிதரை எழுதுவதிலுள்ள சிக்கல் இவன் கதையில் தெளிவாகத் தெரிகிறது என்பதே என் பதில்.

பூல் கூடங்களில் ஹஸ்லர்களோடு பழகி அவர்களை ஆராய்ந்தவர் சமூகவியலாளர் நெட் பொல்ஸ்கி. அவரது நூல் 1967இல் வெளிவந்தது. சட்டத்தின் விளிம்பில் வாழ்வோரைச் சிறையில் வைத்து விசாரித்து எழுதுவதால் உண்மை கிட்டாது, அவர்கள் நடமாடும் இடத்துக்கே போகவேண்டும் என்று வாதிட்டவர் அவர். ஹஸ்லரின் நுட்பம் நன்றாக ஆடுவதில் மட்டும் இல்லை. எதிராளி சந்தேகப்படாதபடி பந்தைத் தவறவிட வேண்டும். வென்றாலும் மயிரிழையில் வெல்ல வேண்டும். தோற்றவன் 'இன்னுமோர் ஆட்டம்' என்று தானாகவே பணயத்தைக் கூட்ட வேண்டும்.

இவர்களுள் மிகப் பிரபலமானவர் றுடோல்ஃப் வொண்டரோன். சுவிற்சர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயோர்க்கில் பிறந்தவர். 1913 என்பது பொதுவாக ஏற்கப்படும் ஆண்டு. அவரோ வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லி வந்தார். 1941இல் தெற்கு இல்லினோய்ப் பகுதியில் திருமணம் செய்து டவல் என்ற சிற்றூரில் குடியேறினார். யுத்த காலத்தில் வேர்ஜீனியாவின் நோர்ஃபோக் துறைமுகத்தில் கடற்படையினர் கையிலும் கப்பல்தளத் தொழிலாளர் கையிலும் காசு புழங்கியது. நாடெங்குமிருந்து ஹஸ்லர்கள் அங்கு போய்ச் சேர்ந்தார்கள், இவரும் போனார்.

வோல்டர் டெவிஸ் 1959இல் 'த ஹஸ்லர்' நாவலை எழுதினார். 1961இல் அது திரைப்படமாகி, ஜாக்கி கிளீசன் 'மினசோட்டா ஃபேட்ஸ்' என்ற பாத்திரத்தில் நடித்தார். அதுவரை 'நியூயோர்க் ஃபேட்ஸ்' என அறியப்பட்ட வொண்டரோன், அந்தப் பாத்திரம் நான்தான் என்றார். டெவிஸ் திரும்பத் திரும்ப மறுத்தார். பயனில்லை. கற்பனைப் பாத்திரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிஜ மனிதர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றலானார். 1966இல் பத்திரிகையாளர் ரொம் ஃபொக்ஸுடன் சேர்ந்து சுயசரிதையும் வெளியிட்டார்.

இதில் எனக்கு வியப்பளிப்பது அவரது புளுகு அல்ல. முகம் நாடறிந்ததும் பழைய தொழில் செத்துப்போயிற்று. இனி எந்த ஊரில் அறிமுகமற்றவனாகப் போய் நிற்பது? எனவே ஆட்டத்தை விட்டுக் கதையை விற்றார். மேசையருகே வளர்த்த பேச்சுத்தான் கடைசிவரை சோறு போட்டது. பெரிய போட்டி எதையும் அவர் வென்றதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை நாடெங்கும் பரப்பியதற்காக 1984இல் அமெரிக்க பில்லியட்ஸ் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவருக்கு நேரெதிர் வில்லி மொஸ்கோனி. 15 தடவை உலக வெற்றிவீரர். 1954இல் ஒஹாயோவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் வீழ்த்தினார். பார்த்தவர்கள் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியே அதற்கு உண்டு. 1978 பெப்ரவரியில் ஏ.பி.சி. தொலைக்காட்சி இருவரையும் மோத வைத்தது. மொஸ்கோனி வென்றார். ஃபேட்ஸோ ஓயாது பேசிக்கொண்டே இருந்தார். இன்றும் தெருவில் போகும் அமெரிக்கரைக் கேட்டால் முதலில் வாயில் வரக்கூடிய பெயர் தோற்றவருடையதுதான்.

பின்னாளில் ஆர்.ஏ. டையர் என்ற பத்திரிகையாளர் இவ்வுலகின் கதைகளைத் திரட்டி 2003இல் 'ஹஸ்லர் டேஸ்' நூலை எழுதினார். ஃபேட்ஸுடன் லூதர் லசிட்டர், 'ஜேர்சி றெட்' ஆகியோரும் அதில் வருகிறார்கள். இவ்வாறு திரட்டும்போது பொய்யைக் களைந்துவிட்டு எழுதினால் ஃபேட்ஸ் என்ற மனிதரே காணாமற்போவார். பொய்யை எங்கே, யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பதையும் பதிந்தால் அதுவும் ஆவணமாகிறது.

ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. இந்தக் கதைகள் அநேகமாக வென்றவர் வாயிலிருந்து வந்தவை. நோர்ஃபோக்கில் ஒரு வாரச் சம்பளத்தை மேசையில் விட்டுவிட்டுப் போன கப்பல்தளத் தொழிலாளிக்கு அவற்றில் பெயரில்லை. வீட்டில் அவன் என்ன சொன்னான்?

ஃபேட்ஸின் கடைசிக் காலம் நாஷ்வில் நகரில் கழிந்தது. ஹெர்மிடேஜ் ஹோட்டலில் பல வருடம் தங்கியிருந்தார். முன்கூடத்துக்கு மேலேயுள்ள தளத்தில் அவருக்கென ஒரு பூல் மேசை போட்டிருந்தார்கள். 1996 ஜனவரியில் அந்நகரிலேயே காலமானார்.