பட்டி: தொலைவில் இருக்கும் கணினியோடு பேச ஒரு சிறிய மென்பொருள்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக ஏதோ ஓடிக்கொண்டிருக்க, பிள்ளை இரவு பதினொரு மணிக்கு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தால் சில பெற்றோருக்குப் பயம் வந்துவிடுகிறது. "பையன் ஹேக்கிங் ஏதும் பண்றானா, கொஞ்சம் பாருங்க ஹஜ்ரத்" என்று என்னிடமே வந்து கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கல்லூரிப் பாடமாகவோ அலுவலக வேலையாகவோதான் இருக்கும். அந்தத் திரையின் பெயர் டெர்மினல்.

இணையதளங்களும் வங்கிக் கணக்குகளும் இயங்கும் சர்வர் கணினிகள் ஏதோ ஒரு நகரத்தின் தரவு மையத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. நம் வீட்டுக் கணினியில் தட்டும் எழுத்துகளை அங்கே கொண்டுபோய், அங்கிருந்து வரும் பதிலை நமக்குக் காட்டுவதே டெர்மினல் மென்பொருளின் வேலை. வெறும் எழுத்துகள்தான் போய் வருகின்றன என்பதால் மெதுவான இணைய இணைப்பே போதும்.

முன்பு இதற்கு டெல்நெட் என்ற முறை இருந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாமே உறையில்லாத அஞ்சலட்டைபோல் திறந்தபடி போகும். வழியில் நிற்பவர் படித்துவிடலாம். ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அப்படித்தான் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதற்குப் பிறகு 1995இல் அங்கிருந்த தாது யுலோனன் எஸ்எஸ்எச் என்ற முறையை எழுதினார். இதில் போவதும் வருவதும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்லும். அதன் போர்ட் எண் 22, டெல்நெட்டுக்கு 23.

விண்டோஸில் எஸ்எஸ்எச் வழியாக இணைய நெடுங்காலமாகப் பயன்படுவது பட்டி என்ற இலவச மென்பொருள். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாதம் எழுதி 1999இல் வெளியிட்டார். நம்மில் பலர் 'புட்டி' என்கிறோம். சுவருக்குப் பெயின்ட் அடிக்குமுன் பட்டி பார்ப்பார்களே, அந்த உச்சரிப்புதான் சரி. பதிவிறக்கும்போது கவனம் தேவை. வைரஸ் கலந்த போலிப் பட்டிகளும் இணையத்தில் உலவியிருக்கின்றன. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல், சைமன் டாதமின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். புட்டி.ஆர்க் என்ற தளம் அவர் நடத்துவதல்ல.

திறந்ததும் ஒரு சிறிய பெட்டி வரும். 'ஹோஸ்ட் நேம்' என்ற இடத்தில் சர்வரின் முகவரி, 'போர்ட்' என்ற இடத்தில் 22, இணைப்பு வகையில் எஸ்எஸ்எச். கீழே 'சேவ்டு செஷன்ஸ்' பகுதியில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால் அடுத்த முறை தட்டச்சு மிச்சம். பிறகு 'ஓப்பன்'.

முதல் முறை இணையும்போது ஓர் எச்சரிக்கை வரும். பலரும் படிக்காமலே 'அக்செப்ட்' அழுத்துவது இங்கேதான். அதில் காட்டப்படுவது அந்த சர்வரின் கைரேகை. எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் நீண்ட எழுத்துவரிசை. சர்வரை நிர்வகிப்பவரிடம் கேட்டு அந்த வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்க வேண்டும். ஒருமுறை ஏற்றால் பட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் கைரேகை மாறியிருந்தால் மீண்டும் எச்சரிக்கும். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தாலும் அது மாறும்தான்; ஆனால் நடுவில் வேறொருவர் புகுந்திருந்தாலும் மாறும். ஆகவே விசாரிக்காமல் மேலே போகக்கூடாது.

கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம், தட்டி முடித்து என்டர் அழுத்தினால் போதும். திரையில் உள்ளதைச் சுட்டியால் தேர்ந்தெடுத்தாலே நகலாகிவிடும். வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். சர்வர் லினக்ஸாக இருந்தால் கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், கோப்புறை மாற சிடி, வெளியேற எக்ஸிட். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் மட்டும் நிதானம் வேண்டும். அங்கே குப்பைத் தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான். பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்ததில் ஒரு வருடத்துக் கட்டுரைகளை நானே இழந்திருக்கிறேன்.

கடவுச்சொல்லைவிடச் சிறந்த வழி சாவி முறை. பட்டியோடு வரும் பட்டிஜென் ஒரு ஜோடிச் சாவிகளை உருவாக்கித் தரும். பொதுச்சாவி சர்வரில் போய் இருக்கும், அதை யார் பார்த்தாலும் கவலையில்லை. தனிச்சாவி பிபிகே கோப்பாக நம்மிடம் இருக்கும். அதற்கு ஒரு பூட்டுச்சொல் இட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அதை அனுப்பவே கூடாது. இன்னொன்று: பட்டியின் 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் பி-521 வகைச் சாவிகளுக்கு ஒரு குறை இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 0.81 அதைச் சரிசெய்தது. பழைய பதிப்பில் அந்த வகைச் சாவியைப் பயன்படுத்தியவர்கள் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும்.

நம் ஜமாஅத்துகள், சங்கங்கள் பலவற்றின் இணையதளத்தை ஆர்வமுள்ள இளைஞர்கள் ஊதியமின்றிக் கவனித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் வாட்ஸ்அப் குழுவில். எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். இடையில் யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். அவருடைய பழைய எண்ணும் செயலில் இல்லை. ஜனாஸா அறிவிப்பும் கல்வி உதவி விண்ணப்பமும் வந்துகொண்டிருந்த தளம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது.

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனிச்சாவி கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும்போது சர்வரில் அவருடைய பொதுச்சாவி இருக்கும் ஒரு வரியை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்கள் வழக்கம்போல் நுழையலாம். குறைந்தது இரண்டு பேரிடமாவது சாவி இருக்கட்டும். சர்வரை வாடகைக்கு எடுத்த கணக்கின் மின்னஞ்சல் எது, புதுப்பிக்கும் தேதி எது என்பதைச் செயலாளரின் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

புதிதாகப் பழக விரும்பும் பிள்ளைகளுக்குப் பட்டிகூடக் கட்டாயமில்லை. 2018க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலேயே எஸ்எஸ்எச் சேர்ந்து வருகிறது. மேக், லினக்ஸ் கணினிகளில் முன்பிருந்தே உண்டு. கட்டளைத் திரையைத் திறந்து எஸ்எஸ்எச் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பயனர் பெயர், அட் குறி, சர்வர் முகவரி ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் அதே கறுப்புத் திரை வந்து நிற்கும்.