நிலத் தகராறு: தீர்ப்பா, பேச்சா?

நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டால் நிலத் தகராறு தீர்ந்துவிடுமா? செலாயாங் முதல் சுபாங் ஜெயா வரை, தோட்ட மண்ணில் எழுந்த பல ஆலயங்களுக்குப் பட்டா இருந்ததில்லை. நிலம் கைமாறினால் சட்டம் உரிமையாளர் பக்கமே நிற்கும்.

சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய விவகாரத்தில், 2014-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது. ஆலயத் தரப்பில் ஒரு பிரிவினர் ஏற்கவில்லை. 2018 நவம்பரில் கலவரம் வெடித்தது. அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் உயிரிழந்தார்.

மஸ்ஜிட் இந்தியாவில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலத்தை, 2014-இல் மாநகர் மன்றம் ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் கட்டத் திட்டம். 2025 மார்ச்சில் பேச்சுவார்த்தையிலேயே உடன்பாடு கண்டனர்: சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்று நிலம்.

தீர்ப்புத் தாளைவிட, அனைவரும் ஏற்ற உடன்பாடே நிலைக்கும். ஆனால் அடுத்த ஆலயமும் பட்டாவுக்காக நெருக்கடி வரும்வரை காத்திருக்கலாமா?