மார்க்கப்

உரையின் ஒரு பகுதிக்குத் தடிப்பு, நிறம், மொழி போன்ற பண்புகளை ஏற்றும் குறியீடு. அச்சுக்கூடத்துச் சொல்: எந்த வரி எந்த எழுத்துருவில் வரவேண்டும் என்று அச்சுக்கோப்பவருக்காகக் கைப்பிரதியில் குறித்துக் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர். 1969-இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் உருவாக்கிய ஜிஎம்எல் (GML) என்னும் குறியீட்டு மொழியின் வழியாகக் கணினிக்குள் வேரூன்றியது. அம்மூன்று எழுத்துகள் அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளாகவும் இருப்பது தற்செயல் அல்ல. கோல்ட்ஃபார்ப் வேண்டுமென்றே வைத்தது. எச்டிஎம்எல் இந்த ஜிஎம்எல்லின் வழித்தோன்றல்.

உரைக்குள் எதையும் நுழைக்காமல், 'இங்கே தொடங்கி இத்தனை எழுத்து' என்று பண்பைத் தனியே குறித்து வைக்கும் முறையும் உண்டு. தமிழுக்கு வம்பு அங்கேதான். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடுக்கு 7, புள்ளிக்கும் தனி எண் என்பதால். முதல் 3-ஐச் சிவப்பாக்கச் சொன்னால் 'வணக' சிவக்கும். க்-இன் புள்ளி வெளியே நிற்கும்.