ரிசப்ஷனுக்கு கோட் சூட்: எத்தனை நாளைக்கு முன்னாடி தைக்கக் கொடுக்கணும்? தெரிந்துகொள்ள வேண்டியவை!

மண்டபத்தை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடுவார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு நாள் முழுக்க ஒதுக்குவார்கள். மாப்பிள்ளையின் கோட் சூட் மட்டும் பல வீடுகளில் கடைசி பத்து நாளில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவசரத்தில் வாங்கிய கோட் தோளில் தூக்கிக்கொண்டு நின்றால், மேடையில் மட்டுமில்லை, ஆல்பத்திலும் காலத்துக்கும் அப்படியே இருக்கும். செலவும் சின்னது கிடையாது. அதனால் முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது.

எப்போது தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் பல கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையே ரிசப்ஷன். எனவே நாள் கணக்கை ரிசப்ஷன் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

- 3 மாதம் முன்பு: பட்ஜெட், ரெடிமேடா தைப்பதா என்ற முடிவு. சில குடும்பங்களில் மாப்பிள்ளை சூட் பெண் வீட்டுச் செலவு. யார் கொடுப்பது, எவ்வளவுக்குள் என்பதை இப்போதே பேசிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.
- 2 மாதம் முன்பு: துணி எடுத்து அளவு கொடுப்பது.
- 1 மாதம் முன்பு: முதல் ட்ரையல்.
- 2 வாரம் முன்பு: இரண்டாவது ட்ரையல். உடம்பு ஏறியிருந்தாலும் இளைத்திருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.
- 1 வாரம் முன்பு: சூட் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஆடி, மார்கழி முடிந்ததும் கல்யாணங்கள் வரிசைகட்டும். அதனால் தை மாதக் கல்யாணத்துக்கு கார்த்திகையிலும், ஆவணிக் கல்யாணத்துக்கு ஆனியிலும் தைக்கக் கொடுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணம் என்றால் டெய்லர் கடையின் தீபாவளி நெரிசலையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரெடிமேடா? தைப்பதா?

நாள் குறைவு என்றால் ரெடிமேட்தான் வசதி. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோள்பட்டை. கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரம் எல்லாம் ஆல்டரேஷனில் சரியாகும். தோள் பொருந்தாத கோட்டைச் சரிசெய்வது கஷ்டம், செலவும் அதிகம்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேட் உடைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சூட் துணியாக எடுத்தால் 5 சதவீதம். ஆனால் தையல் கூலி, லைனிங், கேன்வாஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே எது லாபம் என்று முடிவு செய்ய வேண்டும்.

துணி எவ்வளவு? எப்படிப்பட்டது?

58 அங்குல அகலத் துணி என்றால், சராசரி உடல்வாகுக்கு கோட்டும் பேன்ட்டும் தைக்க 3 முதல் 3.25 மீட்டர் தேவைப்படும். வெயிஸ்ட்கோட்டும் வேண்டுமென்றால் கூடுதலாக எடுக்க வேண்டும். டெய்லரிடம் கேட்டுவிட்டு வெட்டச் சொல்வது பாதுகாப்பு.

ஏசி இல்லாத மண்டபத்தில் முழு பாலியெஸ்டர் சூட் வியர்த்துக் கொட்டவைக்கும். எடை குறைவான கம்பளிக் கலப்புத் துணி பரவாயில்லை. மிக நெருக்கமான கோடு, சின்னச் சின்னக் கட்டம் போட்ட துணி வீடியோவில் அலை அலையாகத் தெரியலாம். பெண்ணின் புடவை அல்லது லெஹங்கா நிறத்தை போட்டோவில் நம்பாமல், துணித் துண்டை நேரில் வைத்துப் பார்த்து மேட்ச் செய்யலாம்.

ட்ரையலில் என்ன பார்க்கணும்?

அன்றைக்குப் போடப்போகும் சட்டை, ஷூவோடு போக வேண்டும். ஷூ மாறினால் பேன்ட் உயரம் மாறும். பட்டனைப் போட்டுக்கொண்டு கைகூப்பி, கையைத் தூக்கி, உட்கார்ந்து பார்க்கணும். சட்டையின் கை, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரிந்தால் சரி.

மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால்?

வீடியோ காலில் பார்த்துக் குத்துமதிப்பாக அளவு எடுப்பது ரிஸ்க். அவர் இருக்கும் ஊரிலேயே டெய்லரிடம் அளவெடுத்து அனுப்பச் சொல்லலாம். அவருக்குப் பொருந்தும் பழைய கோட் வீட்டில் இருந்தால் அதையும் டெய்லரிடம் கொடுக்கலாம். உள்ளே தையலுக்குக் கூடுதல் துணி விடச் சொல்லி, ஊருக்கு வந்த மறுநாளே ட்ரையலுக்கு நேரம் வாங்கி வைக்க வேண்டும்.

ஒரே ஒரு மாலைக்குத்தான் என்றால் வாடகை சூட்டும் உண்டு. அதற்கும் முகூர்த்த நாட்களில் முன்பதிவு அவசியம்.

பில்லை மறக்காதீங்க

அட்வான்ஸ் தொகை, ட்ரையல் தேதி, டெலிவரி தேதி மூன்றும் ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் தராமல் இழுத்தடித்தாலோ, துணியைக் கெடுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கு ரசீதுதான் ஆதாரம்.

கடைசியாக ஒன்று. கோட்டின் பின்பக்கத் திறப்பில் குறுக்காகப் போட்ட தையலையும், கையில் தைத்திருக்கும் லேபிளையும் மேடை ஏறும் முன் பிரித்துவிட வேண்டும். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போட்டால் போதும்.