கப்பலில் வந்த சிற்றுயிர்களும் எண்ணூர்க் கழிமுகமும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர். நந்தும் முரளும் ஈரறிவுயிர். சிதலும் எறும்பும் மூவறிவுயிர். நண்டும் தும்பியும் நாலறிவுயிர். இவ்வரிசையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நத்தை, சிப்பி, கரையான், எறும்பு, நண்டு, தும்பி ஆகிய இவற்றைக் காண யாரும் காட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. முற்றத்திலும் வரப்பிலும் படகுத்துறையிலும் அன்றாடம் கண்ணிற்படும் சிற்றுயிர்கள் இவை. தமிழன் உயிரினங்களை வகுக்க முற்பட்டபோது தன் வாயிற்படியிலிருந்தே தொடங்கினான் எனலாம்.

சங்கப் புலவர்களிடமும் இந்தக் கூர்மையைக் காண்கிறோம். நண்டு அவர்களுக்கு அலவன்; இறால் அவர்களுக்கு இறவு. வண்டினத்தைச் சுட்டத் தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று தனித்தனிச் சொற்கள் அவர்களிடம் இருந்தன. கார்காலத்து ஈரமணலில் ஊரும் செந்நிறப் பூச்சிக்கு மூதாய் என்று பெயரிட்டிருந்தனர். இவ்வறிவைப் பாட்டுக்கு அணி சேர்ப்பதாக மட்டும் கருதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அண்டையில் வாழும் சிற்றுயிரை இன்னதென்று அறிவதிலும் அறியத் தவறுவதிலும் ஊர்களின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருந்ததை வரலாறு காட்டுகிறது. அதற்குச் சென்னையின் வடகரையைக் காட்டிலும் ஏற்ற சான்று வேறில்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி இராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இக்கரையில் முந்நூறு ஆண்டுகளாகக் கப்பல்கள் சரக்கை மட்டும் இறக்கவில்லை; உயிர்களையும் இறக்கின.

கோட்டை மருத்துவர்களின் பட்டியல்கள்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் சாமுவேல் பிரௌன், மதராஸ்பட்டணத்தின் சுற்றுப்புறத்துச் செடிகொடிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றைப் பற்றி ஜேம்ஸ் பெட்டிவர் எழுதிய குறிப்புகள் இராயல் கழகத்தின் இதழில் அச்சாயின. அக்குறிப்புகளில் 'மலபார்ப் பெயர்கள்' எனக் காட்டப்பட்டவை தமிழ்ப் பெயர்களே. தமிழை மலபார் மொழி என வழங்குவது அக்கால ஐரோப்பியர் வழக்கம்.

பிரௌனுக்குப் பின்வந்த எட்வர்ட் பல்க்லி பறவைகளில் கருத்தைச் செலுத்தினார். அவர் அனுப்பிய மதராஸ்பட்டணத்துப் பறவைகளின் படங்களும் விவரங்களும், ஜான் ரே எழுதி அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்த பறவை நூலில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டன. நம் நீர்நிலைக் கரைகளில் வாலை ஆட்டியபடி ஓடித்திரியும் வெண்புருவ வாலாட்டிக் குருவிக்கு 1789இல் மெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட அறிவியற் பெயரில் மதராஸ்பட்டணத்தின் பெயர் இன்றும் நின்று நிலவுகிறது. சளிக்கு மருந்தாக நம் பெண்கள் அடையில் அரைத்துச் சேர்க்கும் முசுமுசுக்கைக்கும் இலின்னேயசு 1753இல் இந்த ஊரின் பெயரையே சூட்டினார்.

ஊர்ப்பெயர் உலகநூல்களில் ஏறியது. ஊரார் பெயர் ஏறவில்லை. 1862 முதல் 1864 வரை வெளிவந்த ஜெர்டனின் இந்தியப் பறவைகள் நூலும், 1875 முதல் 1878 வரை வெளிவந்த பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் நூலும் உயிரினங்களின் தமிழ்ப் பெயர்களை முறையாகப் பதிந்திருக்கின்றன. அப்பெயர்களைச் சொன்ன வலைஞர் யார், வேடர் யார் என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நமக்கு அவை ஒரே வேளையில் கொடையாகவும் குறையாகவும் இருப்பது இதனால்தான்.

சாயப்பூச்சி என்று வந்தது

அடையாளம் பிழைபட்டால் நேர்வது என்ன என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்கிறது. கோட்டையின் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் சென்னைக் கடற்கரைப் புல்லில் ஒட்டியிருந்த சிறு பூச்சிகளைக் கண்டார். அவை விலைமதிப்பு மிக்க செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சிகளுக்கு இனமானவை எனக் கருதி இலண்டனிலிருந்த சர் ஜோசப் பாங்க்சுக்குக் கடிதங்கள் எழுதினார். கொச்சினீல் அன்று மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியரின் தனிச்செல்வமாக இருந்தது. சென்னைப் பூச்சி அது அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் ஆசை அடங்கவில்லை. உண்மையான கொச்சினீலை வரவழைத்து வளர்ப்பதற்கென்று சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்று எழுந்தது.

1795இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலில் பூச்சி வந்தது. முதலில் கல்கத்தாவில் இறங்கி, பின்னர்த் தென்னாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது மெக்சிகோவின் உயர்ந்த பூச்சி அன்று. அதன் தாழ்ந்த இனம். சாயம் எதிர்பார்த்தபடி தேறவில்லை. பூச்சியோ சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தைத் தின்று அழித்தது. அவ்வழிவைக் கண்ட அதிகாரிகள், 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் களையாகப் பெருகிய கள்ளியை ஒழிக்கும் பொருட்டு அதே பூச்சியைத் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினர். ஒரு பூச்சியைக் கொண்டு ஒரு களையை அழித்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக உலக அறிவியல் வரலாறு இதனைப் போற்றுகிறது. பிழையிலிருந்து பிறந்த பயன் இது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அப்பூச்சிக்கு, இலங்கையில் கிடைத்த உயிர்களைக் கொண்டு 1896இல் கிரீன் என்பார் இலங்கையின் பெயரையே இட்டதும் எண்ணத்தக்கது. கண்டெடுத்த இடத்தையே பிறந்த இடமாக எண்ணிவிடுவது அறிஞர்க்கும் நேர்வதுண்டு.

தெள்ளுப்பூச்சி காத்த நகரம்

அதே 1896ஆம் ஆண்டில் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டு சேர்ப்பது தெள்ளுப்பூச்சி என்று 1898இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் அறிவித்தார். முதலில் நகையாடப்பட்ட அக்கருத்துச் சில ஆண்டுகளில் நிலைபெற்றது. ஆனால் ஒரு வியப்பு எஞ்சியது. எலிக்கும் குறைவில்லாத, கப்பலுக்கும் குறைவில்லாத சென்னை நகரம் பம்பாய் பட்ட பேரழிவைப் படாமல் தப்பியது எங்ஙனம்?

விடை, வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு தெள்ளுப்பூச்சிகளை வேறுபடுத்தி அறிவதில் இருந்தது. கியோபிஸ் என்னும் இனம் 1903இலும், அஸ்டியா என்னும் இனம் 1911இலும் ராத்ஸ்சைல்டு என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்டவை. கொழும்பு நகரின் நுண்ணுயிரியல் அறிஞர் பேபியன் ஹெர்ஸ்ட், 1914இல் அந்நகரைக் கொள்ளைநோய் எட்டிய காலத்தையொட்டி, அஸ்டியா நோயைப் பரப்புவதில் ஆற்றல் குறைந்தது என்று வாதிட்டார். இந்தியாவில் கிராக் என்பார் 1920களின் தொடக்கத்தில் பல நகரங்களின் எலித் தெள்ளுகளை ஆராய்ந்தபோது, சென்னையில் பெருகியிருந்தது அஸ்டியா என்பது தெரியவந்தது. இராயபுரத்துத் தானியக் கிடங்குகளின் அருகே குடியிருந்த ஏழை மக்கள், தம்மைக் கடித்த தெள்ளுப்பூச்சி எவ்வினம் என்பதை அறியாமலே அதனால் காக்கப்பட்டிருந்தனர். தட்பவெப்பமும் இதற்குத் துணை நின்றது என்பர்.

இக்காலத்தில்தான் பூச்சியறிவு தென்னாட்டில் முறையான கல்வியாக வளர்ந்தது. பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. கோவை வேளாண் கல்லூரியில் பணிபுரிந்த டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் பயிர்ப்பூச்சிக் கையேடு 1940இல் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை; உழவர் கைக்கு நேரே போய்ச் சேராதவை.

எண்ணூர் கண்ட புதிய சிப்பி

கொற்றலை என்றும் கொசத்தலை என்றும் வழங்கும் ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயே பின்னர் நீண்டு பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாயிற்று. ஆற்றின் இனிப்பும் கடலின் உவர்ப்பும் கலக்கும் கழிமுகம் இறாலுக்கும் நண்டுக்கும் வளர்ப்பகம். 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது 2017இல் மூடப்பட்டது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் துறைமுகமும் வந்தன. சாம்பலும் மணல்மேடும் கழியைக் குறுக்கின. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்து வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டது. இறகில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களை அந்நாளில் பலரும் கண்டனர்.

எண்ணெயைக் கண்ணுள்ளவர் எவரும் காணலாம். அதனினும் அமைதியாக வந்த மற்றொரு கேட்டைக் கண்டவர்கள் மீனவர்களே. கழிமுகச் சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் தொழில் இப்பகுதியில் உண்டு. இருளர் மக்களும் பெண்கள் பலரும் இதில் ஈடுபடுகின்றனர். அவர்களுக்குச் சேற்றின் அடியில் கண் பயன்படாது, விரலே கண். மட்டி எது, கல் எது, இறாலின் மீசை எது என்பதை விரல் சொல்லும். அவ்விரல்களில் ஒரு புதிய ஓடு கீறியது. வழக்கமான மட்டி தனித்தனியே கிடக்கும். இது ஒன்றோடொன்று நாரால் பிணைந்து பாய் விரித்தாற்போலச் சேற்றை மூடியது. அதற்கு அவர்கள் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்தனர்.

அறிவியலார் அதனை மைட்டெல்லா ஸ்டிரிகாட்டா என்பர். நடு அமெரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவற்றின் கரைகளைச் சேர்ந்த சிப்பியினம் அது. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியோ, நிலைப்புக்காகக் கப்பல் சுமந்துவரும் நீரில் குஞ்சாக மிதந்தோ கடல் கடந்து வருகிறது. கேரளத்துக் காயல்களில் அது பரவியிருப்பதை 2019இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழியிலும் அது பழவேற்காட்டை நோக்கிப் பரவுவதை மீனவர்கள் அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். சேறு மூடப்பட்டால் இறால் புதைந்து வாழ இடமில்லை. பழைய மட்டிக்கும் இடமில்லை. படகு செல்லவும் தடை. செய்தி இதழ்களில் ஏறியது. பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும் வந்தது. சிப்பியை அகற்றும் பணியை அரசு மேற்கொண்டது. ஆயினும் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. வேரூன்றிய பின் ஓர் உயிரினத்தை முற்றும் அகற்றுவது எங்கும் எளிதாக நடந்ததில்லை.

கள்ளித் தோட்டத்துப் பூச்சியும், கிடங்கெலியின் தெள்ளும், கழிமுகச் சிப்பியும் கப்பல் வழிகளோடு பிணைந்தவை. முதல் இரண்டையும் அறிஞர்கள் அடையாளம் கண்டனர். ஊரார் பின்னர் அறிந்தனர். மூன்றாவதில் வரிசை மாறியது. எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் விரல் முதலில் அறிந்தது. ஏடு பின்னர் அறிந்தது. மரபியல் சிப்பிக்குக் கற்பித்த ஈரறிவு தொடுவுணர்வும் சுவையுணர்வுமாம். அத்தொடுவுணர்வைக் கொண்டே மனிதர் அச்சிப்பியைக் கண்டுகொண்டனர் என்பது நினைக்க இனிக்கும் செய்தி. அந்த அறிவுக்குக் காலத்தே செவிசாய்த்திருந்தால் சேறு இத்துணை மூடப்பட்டிராது.

சொல்லைக் காக்கும் கடன்

இத்தகைய அறிவைத் தமிழில் தொகுக்க முயன்றோர் இல்லாமற் போகவில்லை. பி. எல். சாமி, சங்க இலக்கியத்துச் செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் அறிவியற் பெயர்களோடு ஒப்பிட்டு விளக்கிய நூல்கள் நம் மொழிக்குப் பெருஞ்செல்வம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் இடைவிடாது இயற்கைக் குறிப்புகள் எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கையால் வீட்டுக் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' எனும் நூலாக்கினார்.

எனினும் பி. எல். சாமியின் பணி ஏட்டிலிருந்து உயிருக்குச் சென்றது. உயிரிலிருந்து ஏட்டுக்கு வரவேண்டிய பணி பெரிதும் எஞ்சியிருக்கிறது. சங்கப் பாட்டின் இறவு எண்ணூர்க் குப்பங்களில் எறாவாக இன்றும் வழங்குகிறது. பாட்டின் சொல்லுக்கு உரை உண்டு, அகராதி உண்டு. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் நாள்தோறும் பேசப்படும் மீன், நண்டு, சிப்பி, புழு ஆகியவற்றின் பெயர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கழி சுருங்கச் சுருங்க அத்தொழில் சுருங்கும். தொழில் சுருங்கினால் சொல் வழக்கொழியும். சொல் போனபின் அங்கே என்ன வாழ்ந்தது என்று வழக்குமன்றத்தில் சான்று கூறவும் ஆளிராது.

இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் கவிஞர்கள் மேற்கொள்ளத்தக்க எளிய பணி ஒன்று உண்டு. 'ஏதோ ஒரு பறவை', 'பெயர் தெரியாத பூச்சி' என்று எழுதும் இடங்களில் சற்றே நின்று, அண்டை வீட்டாரிடமோ படகுத்துறையிலோ அதன் பெயரைக் கேட்டு எழுதுவது. கேட்ட பெயரோடு சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும் இடத்தையும் குறித்துவைப்பது. கோட்டை மருத்துவர்கள் விட்டுச்சென்ற குறை அதனால் நிறையும். கழிமுகத்தின் அடுத்த புதுவரவை முதலில் அறியப்போகும் விரல்களுக்கு அன்று செவிசாய்க்க ஓர் ஏடேனும் ஆயத்தமாக இருக்கும்.